எல்லாரும்தானே போட்டார்கள்?

கேள்வி: 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதல் மூன்று இடம் பிடித்து மேடையேறியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஊக்கமருந்து விவகாரத்தில் அடிபட்டவர்கள். அப்படியென்றால் ஆட்டம் சமம்தானே? லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களையும் பிடுங்கியது என்ன நியாயம்? பழைய வீடியோக்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. அது தப்பா?

பதில்: மேடையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த ஏழு வருடத்தின் 21 இடங்களில் 20 சந்தேகத்துக்குரியவை என்று, ஆர்ம்ஸ்ட்ராங்கைத் தண்டித்த அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே 2012இல் சொன்னது. பட்டங்களை இரண்டாவதாக வந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுக்காமல் காலியாகவே விட்டுவிட்டார்கள். 1996இல் ஜெயித்த பியார்னே ரீஸ், இ.பி.ஓ. என்ற ஊக்கமருந்தைப் போட்டதாக 2007இல் ஒப்புக்கொண்ட பிறகும் வெற்றியாளர் பட்டியலில் இருக்கிறார் என்பதில் எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் ‘சமம்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இ.பி.ஓ. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். அப்போது அதைக் கண்டுபிடிக்கச் சோதனை கிடையாது. அதனால் சர்வதேச சைக்கிள் சங்கம் 1997இல் ஒரு கோடு போட்டது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வாரம் ஓட்டக்கூடாது. இயற்கையிலேயே 48 இருக்கிறவர் ஊசி போட்டுக் கோட்டைத் தொட்டால் லாபம் 2. 40 இருக்கிறவருக்கு 10. இதில் சமம் எங்கே வந்தது? கெட்டிக்கார டாக்டரை வைத்துக்கொள்ள யாரிடம் காசு இருந்தது என்ற கணக்கை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

அப்புறம், உங்கள் ‘எல்லாரும்’ மேடையோடு நின்றுவிடுகிறது. கிறிஸ்டோஃப் பாசோன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1998இல் ஊழியர் ஒருவர் கார் நிறைய மருந்தோடு எல்லையில் பிடிபட்டு மானம் கப்பலேறியதே, அந்த ஃபெஸ்டினா அணியில் இருந்தவர். இவர் மட்டும் ஊசி பக்கம் போகாதவர் என்று மாட்டிக்கொண்ட சக வீரர்களே சொன்னார்கள். மறு வருட டூரில் வேறு அணிக்காக ஓட்டிக்கொண்டே பத்திரிகையில் பத்தியும் எழுதினார். ஊக்கமருந்து ஒழிந்துவிடவில்லை என்றார். ஆர்ம்ஸ்ட்ராங் பந்தயத்தின் நடுவிலேயே பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போய்ச் சேர் என்கிற மாதிரி சொன்னார். மற்றவர்களும் முகம் கொடுக்கவில்லை. பாசோன் பாதியிலேயே மூட்டை கட்டிவிட்டார். மேடைக் கணக்கில் அவர் எப்படி வருவார்?

ரசிகர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? இத்தாலிய வீரர் மார்கோ பன்டானி, அந்த நாட்டின் பெரிய பந்தயமான ஜிரோவில் 1999இல் அந்த 50 கோட்டைத் தாண்டி வெளியேற்றப்பட்டவர். அவருக்கு இத்தாலியில் சிலை இருக்கிறது, இன்றும் அழுகிறார்கள். 2015 டூரில் பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் மீது ஒருவர் மூத்திரத்தை வீசி, மருந்தடித்தவன் என்று கத்தினார். அன்றைக்கு ஃப்ரூம் மேல் ஒரு வழக்கும் கிடையாது. ஆர்ம்ஸ்ட்ராங் மேல் வந்த ஆத்திரம் ஃப்ரூம் தலையில் விடிந்தது. மூத்திரம் வீசியவரோடு உங்களை ஒப்பிட்டால் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன்: இரண்டு பேருமே போட்டவரையும் போடாதவரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்.

வீடியோ பார்ப்பதில் தப்பில்லை, தாராளமாகப் பாருங்கள். 2004 டூரின் 18ஆம் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஃபிலிப்போ சிமியோனி என்ற இத்தாலியர், முன்னால் பிரிந்து போன சின்னக் கூட்டத்தைப் பிடிக்கப் போகிறார். முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி போட்டிருக்கிற, பட்டம் ஏறக்குறைய கையில் இருக்கிற ஆர்ம்ஸ்ட்ராங், ஒட்டுமொத்தக் கணக்கில் எங்கோ கிடக்கிற இவரைத் தானே துரத்திப் போகிறார். ஆர்ம்ஸ்ட்ராங் கூட இருந்தால் எதிரணி அந்தக் கூட்டத்தை விடாமல் துரத்தும்; சிமியோனி பின்வாங்கினால்தான் அவரும் திரும்புவார், முன்னால் போனவர்கள் பிழைப்பார்கள் என்ற நிலை. வேறு வழியில்லாமல் சிமியோனி பின்வாங்குகிறார். திரும்பி வந்த ஆர்ம்ஸ்ட்ராங் கேமரா பக்கம் பார்த்து, வாய்க்கு ஜிப் போடுகிற மாதிரி சைகை காட்டுகிறார்.

சிமியோனி ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கமில்லை. அவரும் மருந்து எடுத்துத் தண்டனை அனுபவித்தவர்தான். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அவர் மேல் கோபம் அதற்கில்லை. டாக்டர் மிக்கேலே ஃபெராரிதான் தனக்கு மருந்து சொல்லித் தந்தார் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னார். அந்த ஃபெராரிதான் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் டாக்டர்.