62 வயதில் தனியாக ஒரு கார் பயணம்: டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சி. கணவர் இறந்து 2 வருடமாகிறது. அவருடைய 2018 வேகன் ஆர் காரை நான்தான் ஓட்டுகிறேன், ஆனால் ஊரைத் தாண்டியதில்லை. தனியாகத் தனுஷ்கோடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி போய் வர ஆசை. டிரைவர் வைத்துக்கொண்டு போ, இல்லையென்றால் வீண் செலவு என்கிறான் மகன். பென்ஷன் 28,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2024-இல் போட்ட 15 லட்சம் இருக்கிறது, வங்கியில் 3 லட்சம் டெபாசிட். டெபாசிட்டை உடைக்கலாமா?

பதில்: உடைக்காதீர்கள் அம்மா. அந்த 3 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று நீங்கள் ஒதுக்கியதாகத்தான் இருக்கும், அது அங்கேயே கிடக்கட்டும். உங்கள் 15 லட்சத்துக்கு 8.2 சதவீதம் வட்டி என்றால் காலாண்டுக்கு 30,750 ரூபாய் கைக்கு வருகிறது. இந்தப் பயணத்துக்கு ஒரு காலாண்டு வட்டி போதும்.

கணக்கைப் பாருங்கள். திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக ராமேஸ்வரம், தனுஷ்கோடி, பிறகு ராமநாதபுரம், சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்பும்போது மதுரை வழி. ஊர் சுற்றுவதையும் சேர்த்து 1,200 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தாலும் 80 லிட்டர், சுமார் 8,000 ரூபாய். 5 இரவுக்கு அறை வாடகை 2,500 வீதம் 12,500, சாப்பாட்டுக்கு 3,000, சுங்கத்துக்கு 1,000. ஆக 24,500. மீதி 6,000 சொச்சம் கையில் அவசரத்துக்கு. ஃபாஸ்டேகில் வருடப் பாஸ் எடுக்கச் சொல்லி யாராவது சொல்லலாம், 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்தது அது. இந்த ஒரு பயணத்துக்குத் தேவையில்லை, அடிக்கடி கிளம்பப் போகிறீர்கள் என்றால் அப்புறம் பார்க்கலாம். சர்வீஸ், டயர் செலவைப் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள், வெளியூர் போகாவிட்டாலும் அது செய்ய வேண்டியதுதான். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், கடைசி இரண்டும் தயாரித்த வருடம். 18 என்று இருந்தால் பூ தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி. ஆர்.சி. புத்தகம் இன்னும் உங்கள் கணவர் பெயரிலேயே இருக்கிறதா? "கணவருடைய கார்" என்று நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. உரிமையாளர் இறந்தால், அவர் பெயரில் உள்ள காப்பீடு இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முந்தியதோ அதுவரைதான் வாரிசுக்குக் கைகொடுக்கும். அதற்குள் பெயரை மாற்றியிருக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் ஆன்லைனில் பழைய பெயரிலேயே வருடாவருடம் புதுப்பித்துவிடுகிறார்கள், பிரீமியமும் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் வழியில் கார் அடிபட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் காகிதத்தில் உரிமையாளர் நீங்கள் இல்லை. 25,000 ரூபாய்ப் பயணத்துக்காக டெபாசிட்டைப் பற்றி யோசிக்கிறீர்கள், லட்சங்கள் போகக்கூடிய ஓட்டை இங்கே இருக்கிறது.

அதனால் முதல் வேலை ஆர்.டி.ஓ. அலுவலகம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம் 31, மற்ற வாரிசுகளின் சம்மதம். காலதாமதத்துக்கு அபராதம் கேட்டால் கட்டிவிடுங்கள். பெயர் மாறியதும் காப்பீட்டையும் மாற்றுங்கள், அப்போது கணவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்கள் பெயருக்குக் கேட்டு வாங்குங்கள், மனைவிக்கு அது கிடைக்கும். சாலையோர உதவிக்கான கூடுதல் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். ஓட்டுநர் உரிமத்தின் தேதியையும் பாருங்கள், 55-க்கு மேல் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஜிபே, போன்பே எல்லாவற்றையும் பென்ஷன் கணக்கோடு இணைக்காமல், 35,000 மட்டும் போட்ட தனிக் கணக்கோடு இணைத்துக்கொண்டு போங்கள். அறைக்கு முன்பணம் கேட்டு யாராவது கியூஆர் கோடு அனுப்பினால் கட்ட வேண்டாம், ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் அரசுச் சுற்றுலாக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது, அரசு இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். ராமநாதபுரத்தில் டேங்கை நிரப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாலைக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033-க்குப் போன் செய்யுங்கள்.

மகன் விஷயம். அவர் பயம் பணத்தைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன், டிரைவர் வைத்தால் பேட்டா, தங்கும் செலவு என்று இன்னும் கூடத்தான் ஆகும். ஆர்.சி. மாற்றத்துக்கு அவர் கையெழுத்து எப்படியும் வேண்டும். வரும்போது திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கம் வேண்டாம். ஜனவரி வட்டி கணக்கில் ஏறி, தைப்பூசக் கூட்டமும் கலைந்த பிறகு கிளம்புங்கள், காகித வேலைக்கும் அதற்குள் நேரம் கிடைத்துவிடும்.