கோயில் கொடை மேடையில் பிள்ளைகள் பாட்டும் கூத்தும்: சுருதி, மைக்

அண்ணாச்சி, பாட்டுல பிள்ளைகளுக்குக் குரல் எட்டலை, நகைச்சுவை வசனம் கேக்கலைன்னு எழுதியிருக்கீங்க. முதல் கோளாறு சுருதி. ஆண் குரலுக்கான கரோக்கி (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) 1 கட்டையில இருந்தா, பிள்ளைகளுக்கு 5 கட்டை வேணும்; கட்டைங்கிறது சுருதியோட அளவு. அதுக்காக 7 அரைச்சுரம் (கீபோர்டுல அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு நடுவுல உள்ள இடைவெளி) ஏத்தினா கருவியெல்லாம் கீச்சிடும். அதுக்குப் பதிலா 5 அரைச்சுரம் இறக்குங்க, அதே 5 கட்டைதான் கீழ் ஸ்தாயியில வரும். வேகத்தை மட்டும் தொடாதீங்க.

வசனம் வரும்போது பின்னணி இசையை முழுசா நிறுத்திரணும். மைக் தலையைக் கையால பொத்தினா ஊளையிடும். மைக்கோட கைப்பிடியைப் பிடிச்சு, வாய்க்கு நாலு விரல் தள்ளி வைக்கட்டும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால, கூட்டத்தைப் பாத்து நிக்கணும்.

சிரிப்பு அடங்குறதுக்குள்ள அடுத்த வசனத்தைச் சொன்னா வீணாப்போவும். அதுக்கு நம்ம வில்லுப்பாட்டு முறையே அருமையான வழி: பக்கத்துல ஒரு பிள்ளை “ஆமா” போட்டாத்தான் அடுத்த வரின்னு பழக்குங்க. சின்னஞ்சிறுசுகளை முதல்லயே மேடையேத்திருங்க, நேரமானா தூங்கிரும்.