பெரிய வீடியோ கேம் நிறுவனங்கள் புதுத் தொடர்களைப் போதுமான அளவு உருவாக்குகின்றனவா?

இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் "எல்லாம் சீக்வல், ரீமேக், யாருக்கும் கற்பனையே இல்லை" என்று புலம்புகிறார்களே, அதோடு எனக்கு உடன்பாடு இல்லை. புதுசு பிறந்துகொண்டுதான் இருக்கிறது. பல வருஷம் கில்ஸோன் என்ற துப்பாக்கிச் சண்டைத் தொடரையே எடுத்துவந்த கெரில்லா ஸ்டூடியோ, 2017-ல் வில்லும் அம்புமாக இயந்திர விலங்குகளை வேட்டையாடும் ஒரு பெண்ணின் கதையோடு ஹொரைஸன் ஸீரோ டானைக் கொண்டுவந்தது. மாரியோவை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கக்கூடிய நின்டென்டோ 2015-ல் ஸ்ப்ளாட்டூனை வெளியிட்டது. அதன் ஆரம்ப மாதிரியில் வெறும் டோஃபு கட்டி மாதிரி உருவங்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று மை பீய்ச்சிக்கொண்டிருந்தன. மை பீய்ச்சுவது சுவாரசியமாக அமைந்த பிறகுதான் அதற்குப் பொருத்தமான கணவாய்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள்.

அப்புறம் என்ன குறை என்றால், பிறந்த குழந்தை நடக்கும்வரை காத்திருக்க ஆள் இல்லை. 2007-ல் வந்த முதல் அசாஸின்ஸ் கிரீடை விளையாடியவர்களுக்குத் தெரியும், ஊர் மாறினாலும் ஒளிந்து கேள், பின்தொடர், மிரட்டு என்று திரும்பத் திரும்ப அதே வேலைகள்தான், பாதியிலேயே சலித்துவிடும். 2009-ல் வந்த இரண்டாவது கேம் அந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்தது, தொடர் உண்மையில் அங்கேதான் காலூன்றியது. அதே காலத்தில், 2008 என்ற ஒரே வருஷத்தில், ஈஏ நிறுவனம் டெட் ஸ்பேஸ், மிரர்ஸ் எட்ஜ் என்ற இரண்டு புதுத் தொடர்களை வெளியிட்டது. வருஷம் தவறாமல் விளையாட்டுப் போட்டி கேம்கள் விற்கும் நிறுவனம் அது! ஆனால் மிரர்ஸ் எட்ஜுக்கு அடுத்த கேம் 2016-ல்தான் வந்தது. கூரை விட்டுக் கூரை தாவி ஓடும் அந்த வேகத்தை ரசித்தவர்கள் எட்டு வருஷம் காத்துக் கிடந்தோம்.

பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2023-ல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவது பற்றிய வழக்கில் சோனியின் ஆவணங்கள் சரியாக மறைக்கப்படாமல் போனதால் தொகைகள் வெளியே வந்தன: தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2-க்குச் சுமார் 22 கோடி டாலர், ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி. இரண்டுமே ஏற்கெனவே பெயர் வாங்கிய தொடர்களின் அடுத்த பாகங்கள். யாரும் கேள்விப்படாத ஒரு பெயருக்கு இவ்வளவு கொட்ட யாருக்குத்தான் துணிச்சல் வரும்? அதையும் மீறிக் கொட்டும்போது பெரும்பாலும் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்திருக்கும் வகையைப் பார்த்துத்தான் கொட்டுகிறார்கள். சோனியின் கான்கார்ட் அப்படி வந்த ஆன்லைன் அணிச் சண்டை கேம், 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி செப்டம்பர் 6-ல் நிறுத்தப்பட்டது. பெயர் புதுசு, ஆனால் விளையாடுகிறவன் ஏற்கெனவே வேறிடத்தில் செய்துகொண்டிருப்பதைத்தான் அதுவும் செய்யச் சொன்னது. எனக்கு அது புதுத் தொடர் கணக்கிலேயே வராது.

எனக்கு நிஜமாகவே வலித்தது ஹை-ஃபை ரஷ் விஷயம்தான். 2023 ஜனவரியில் அறிவித்த அன்றே வெளியானது. சுற்றியுள்ள மரம், மெஷின், எதிரியின் அடி எல்லாமே பாட்டின் தாளத்துக்கு அசையும், நாமும் தாளத்தில் அடித்தால் அடி இன்னும் பலமாக விழும். நான் மூன்று தடவை முடித்திருக்கிறேன். விருதுகளும் கிடைத்தன. 2024 மே மாதம் அதை உருவாக்கிய, தனக்குச் சொந்தமான டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பாராட்டு வாங்கிய புதுத் தொடருக்கே இந்தக் கதி என்றால், அடுத்த ஸ்டூடியோ எந்த நம்பிக்கையில் புது யோசனையோடு போய் நிற்கும்?

நடுத்தர பட்ஜெட்டில் நிறைய முயற்சிகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வாய்ப்பும் வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான். முடியாத காரியம் இல்லை. 2025-ல் கெப்ளர் என்ற சிறிய வெளியீட்டாளர் மூலம் வந்த கிளேர் அப்ஸ்கர், ஒரு புது ஸ்டூடியோவின் முதல் கேம், தி கேம் அவார்ட்ஸில் வருஷத்தின் சிறந்த கேம் விருதையே வாங்கியது.

டாங்கோவையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் பிறகு கிராஃப்டான் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது பாகம் வந்தால் முதல் நாளே வாங்குவேன்.