கூட்டு மனுவில் கையெழுத்துப் போடும் முன்: ஈபிஎஃப், நட்டஈடு, பெனாமா

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஈபிஎஃப் என்பது ஊழியர் சேமநிதி. பெனாமா என்பது நாம் இறந்தால் அந்தப் பணத்தைப் பெற நாம் பெயர் குறித்துக் கொடுத்தவர். இங்கே சொல்வதெல்லாம் மலேசியாவில் இஸ்லாமியர் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தை வைத்து.

கல்யாணமாகி 19 வருடம். கணவர் எண்ணெய் ஆலையில் வேலை. நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இடையிடையே கேண்டீனில் வேலை செய்தேன். பிரிவதென்று முடிவாகிவிட்டது. “ஈபிஎஃப் என் பேரில் இருக்கு, அதுல உனக்கு ஒரு காசு கிடையாது” என்கிறார். உண்மையா?

பாதி உண்மை, அம்மா. அந்தப் பாதியை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்.

1991-ஆம் ஆண்டு ஈபிஎஃப் சட்டத்தின் 51-வது பிரிவு, கணக்கில் இருக்கும் பணத்தை இன்னொருவர் பேருக்கு மாற்றவோ கடனுக்காக முடக்கவோ விடாது. அதனால் ‘கணக்கைப் பாதியாக வெட்டி மனைவி கணக்கில் போடு’ என்று எந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஈபிஎஃப் முகப்பில் வேலை நடக்காது. இதுவரை அவர் சொல்வது சரி.

ஆனால் மணவிலக்குச் சட்டத்தின் 76-வது பிரிவு, மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தைப் பிரிக்கும்போது சமமாகப் பிரிப்பதையே நோக்கிப் போகச் சொல்கிறது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் பங்களிப்புதான். பணமாகப் போட்டது மட்டும் கணக்கில்லை. ஈபிஎஃப் தொகையைக் கையால் தொட முடியாவிட்டாலும், அதைக் கணக்கில் வைத்து வேறு சொத்தில் ஈடுகட்டலாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு மனுவில் எழுதினால் இன்னும் சுலபம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். கல்யாணமான வருடக் கடைசியில் அவர் கணக்கில் 18,000 ரிங்கிட், இன்றைக்கு 92,000 என்று வைத்துக்கொள்வோம். இடையில் சேர்ந்தது 74,000. (பழைய 18,000-க்கு விழுந்த இலாப ஈவும் இதற்குள் இருக்கிறது. அவர் தரப்பு அதைக் கழிக்கச் சொன்னால் தப்பில்லை.) தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாங்கிய வீடு 1,40,000 பெறும், வங்கிக் கடன் பாக்கி 40,000. ஆக வீட்டில் நிற்பது 1,00,000. மொத்தம் 1,74,000, ஆளுக்கு 87,000. அவர் ஈபிஎஃப்பை முழுதாக வைத்துக்கொள்ளட்டும், வீடு உங்கள் பேருக்கு வரட்டும், நீங்கள் அவருக்கு 13,000 கொடுத்தால் கணக்கு நேர். உங்கள் பேரில் ஈபிஎஃப் இருந்தால் அதையும் மேசைமேல் வைக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

நாம் இந்த வழியைத்தான் சொல்வோம். ‘55 வயதில் எடுக்கும்போது பாதி தருகிறேன்’ என்ற வாசகம் தாளில் நன்றாக இருக்கும். அவருக்கு இப்போது 44 என்றால் 11 வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் இறந்துபோனால் பணம் பெனாமாவுக்குப் போய்விடும். ஈபிஎஃப்பின் உட்கணக்குகளில் ஒன்றான செஜாத்ரா கணக்கை 50 வயதிலேயே எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து புதுச் சந்தாவில் 10 விழுக்காடு விழும் ஃபிளெக்சிபல் கணக்கை நினைத்த நேரம் எடுக்கலாம். வேறு சொத்தே இல்லை, இந்த வாசகம்தான் கதி என்றால், ‘எந்தக் கணக்கிலிருந்து, எந்த வயதில் எடுத்தாலும், கையில் கிடைத்த 14 நாளுக்குள்’ என்று எழுதச் சொல்லுங்கள். விழுக்காட்டோடு குறைந்தபட்சத் தொகையையும் சேர்த்துப் போடுங்கள். கல்யாணத் தேதியும் பிரிந்த தேதியும் அதில் இருக்கட்டும்.

அவருடைய கணக்கு அறிக்கையை ஈபிஎஃப் உங்களிடம் தராது. முதலில் அவரையே கேளுங்கள். மறுத்தால் வழக்கறிஞர் மூலம் ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்ற ஆணை கேட்கலாம். பணத்தை எடுத்து ஒளிக்கிற ஆள் என்று தெரிந்தால் தடை ஆணையும் கேட்கலாம். அந்த ஆணை அவரைத்தான் கட்டும் என்பதால், அவர் எடுத்து முடிப்பதற்குள் கேட்டாக வேண்டும்.

வீட்டுப் பக்கம் இரண்டு முட்டுக்கட்டை வரும். கடன் இரண்டு பேர் பேரிலும் இருந்தால், உங்கள் சம்பளத்தை மட்டும் பார்த்து வங்கி ஒத்துக்கொள்ள வேண்டும். குறைந்த விலை வீடு என்றால் கெரானில் (நிலப் பட்டாவில்) கட்டுப்பாடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெயர் மாற்ற மாநில அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். லயத்து வீடு தோட்டத்துடையது, அது இந்தக் கணக்கிலேயே வராது.

கடைசியாக ஒன்று, இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். இரண்டு பேரும் சம்மதித்தால், கல்யாணமாகி இரண்டு வருடம் கடந்த பிறகு கூட்டு மனு போடலாம், பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டியதில்லை. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதே அவசரத்தில் ‘ஒருவர் சொத்தில் ஒருவருக்கு உரிமை இல்லை’ என்ற ஒரு வரி உள்ளே நுழைந்துவிடும். கையெழுத்துப் போட்டு, இடைக்கால ஆணை வந்து, மூன்று மாதம் கழித்து அது நிரந்தரமான பிறகு பங்கு கேட்டுப் போவது மலையேறுகிற வேலை. மனு மலாயிலோ இங்கிலீஷிலோ இருக்கும். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தோட்டத்தை விற்கப் போகிறார்கள். கணவருக்கு ஆட்குறைப்பு நட்டஈடு வரும் என்கிறார்கள். எங்கள் மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதில் எனக்குப் பங்கு உண்டா?

முதலில் எவ்வளவு வரும் என்று பார்ப்போம். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு நட்டஈட்டு விதிமுறைப்படி, வேலையில் 2 வருடத்துக்குக் குறைவானவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடத்துக்குள் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் 20 நாள். ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சராசரி. 22 வருடம், சராசரி 65 ரிங்கிட் என்றால் 20 × 22 × 65 = 28,600. சங்க ஒப்பந்தம் இதற்கு மேல் கொடுத்தால் அதுதான். வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதாவது பணம் திடீரென்று வந்து அதே வேகத்தில் போய்விடும். இப்போதே உங்கள் வழக்கறிஞர் காதில் போட்டுவையுங்கள்.

இந்தப் பணம் உழைத்த வருடங்களுக்காக வருவது. 22-இல் 15 வருடம் கல்யாணத்துக்குப் பிறகு என்றால், 28,600-இல் 15/22 பங்கு, கிட்டத்தட்ட 19,500, மணவாழ்க்கையில் சேர்ந்தது என்று கேட்பது நியாயமான தொடக்கம். வேலை போனவருக்கு அடுத்த வேலை வரை சாப்பாட்டுக்கு வேண்டுமே என்று அவர் தரப்பு சொல்லும். அதையும் நீதிமன்றம் கேட்கும்.

ஒன்று கவனியுங்கள். புது முதலாளி 7 நாளுக்குள், பழையதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தந்தால் நட்டஈடே கிடையாது. வராத பணத்தை நம்பி வீட்டை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

மணவிலக்கு ஆகி ஆறு வருடம். ஈபிஎஃப்பில் பெனாமா இன்னும் முன்னாள் மனைவிதான். தானாக ரத்தாகியிருக்கும்தானே?

ஆகாது, ஐயா. மணவிலக்கு ஆணை அதைத் தொடாது, உயில் எழுதினாலும் மாறாது. நீங்களே போய்ப் புதுப் பெனாமா போட வேண்டும், அல்லது பழையதை எழுத்து மூலம் ரத்து செய்ய வேண்டும். இஸ்லாமியர் அல்லாதாரின் பெனாமா வெறும் காவல்காரர் இல்லை, பணம் அவருக்கே சொந்தம். அடையாள அட்டையோடு ஈபிஎஃப் கிளைக்குப் போய்ப் படிவம் 4 நிரப்புங்கள். பிள்ளைகளுக்கு என்றால் விழுக்காடு கூட்டினால் 100 வருகிறதா என்று பாருங்கள்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேறு கதை. நீங்கள் இறந்தால் அதன் பென்சன் விதவைக்கும் பிள்ளைகளுக்கும். முன்னாள் மனைவி விதவை ஆகமாட்டார். பிள்ளைகளின் பங்கு மட்டும் மணவிலக்கால் போகாது.

மகள் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறாள். மருமகன் வேலை செய்த கம்பெனி நொடித்து, அவருடைய பென்சன் ஏதோ பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டதாம். மணவிலக்கை இங்கேயே மலேசியாவில் போட்டால் செலவு குறையுமா?

வேண்டாம் என்போம். இங்கிலாந்தின் ஓய்வூதியப் பாதுகாப்பு நிதி, சுருக்கமாக பிபிஎஃப், அந்நாட்டு நீதிமன்ற ஆணையை வைத்துத்தான் பிரிக்கும். மலேசிய ஆணையை அனுப்பினால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அங்கேயே வசிக்கிறார், அங்கேயே போடட்டும்.

பிபிஎஃப் 2005-இல் வந்தது. அங்கே போன பணத்துக்குப் பெயர் பென்சன் இல்லை, இழப்பீடு. கம்பெனி நொடித்த நேரத்தில் ஓய்வு வயதை எட்டாதவருக்குப் பொதுவாக 90 விழுக்காடுதான் கிடைக்கும். பழைய பென்சன் அறிக்கையை வைத்துப் பேரம் பேசினால் இல்லாத பணத்தைப் பிரிக்கிற மாதிரி ஆகும். 2011 ஏப்ரல் 6-க்குப் பிறகு தொடங்கிய வழக்குகளில் இந்த இழப்பீட்டையும் பங்கு போடலாம்.

இரண்டு வகை ஆணை உண்டு. பங்கீட்டு ஆணையில் மகளுக்குத் தன் பேரிலேயே தனி உரிமை கிடைக்கும். பிணைப்பு ஆணையில் மருமகனுக்கு வரும்போது அதிலிருந்து ஒரு பகுதி வரும். அவர் இறந்தாலோ மகள் மறுமணம் செய்தாலோ அந்த மாத வரவு நின்றுவிடும். முடிந்தவரை முதலாவதையே கேட்கச் சொல்லுங்கள்.

கம்பெனியின் பென்சன் திட்டம் இன்னும் மதிப்பீட்டில் (பிபிஎஃப் ஏற்க வேண்டுமா என்று பார்க்கும் கட்டத்தில்) இருக்கிறதா, முழுதாக பிபிஎஃப்புக்குப் போய்விட்டதா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். போய்விட்டது என்றால் ஆணையோடு வைக்க வேண்டிய இணைப்புப் படிவம் பிபிஎஃப்1. சாதாரண பென்சனுக்கான பி1-ஐ வைத்தால் ஆணையைத் திருத்தி மறுபடி முத்திரை வாங்கும் வரை ஒன்றும் நகராது. பணம் பற்றிய ஆணை கைக்கு வராமல் கடைசி மணவிலக்கு ஆணைக்கு மனுப் போட வேண்டாம். இடையில் மருமகன் இறந்தால் அவள் மனைவியும் இல்லை, பங்குதாரரும் இல்லை.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. நானும் பங்கு கேட்கலாமா?

1982 மார்ச் 1-க்கு முன் கட்டிய தாலி என்றால், வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்கும். அதற்குப் பிறகு என்றால் முதல் சண்டை சொத்துக்காக நடக்காது, கல்யாணம் செல்லுமா என்றுதான் நடக்கும். நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. கோயில் ரசீது, கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், நேரில் பார்த்த இரண்டு பேர், வீட்டுக்கு நீங்கள் பணம் கட்டிய வங்கிச் சீட்டுகள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். வருமானம் குறைவு என்றால் அரசாங்கத்தின் பந்துவான் குவாமான் (சட்ட உதவி) அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டி உதவி கேட்கலாம்.