உருளைக்கிழங்கு கூட்டிய 1.2 சதவீதம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதலாண்டு படிக்கிறேன். பெயர் போட வேண்டாம். ப்ளஸ் டூ உயிரியலில் 98 வாங்கியவள், இங்கே முதல் மிட்டெர்மில் 61. அதைவிடப் பெரிய பிரச்சினை லேபில். உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சர்க்கரைக் கரைசல்களில் ஊறவைத்து எடை மாற்றம் பார்க்கும் சோதனை. 0.2 மோலாரில் (மோலார் என்பது கரைசலின் செறிவளவு) எடை 9 சதவீதம் கூடியது, 0.6-இல் 7 சதவீதம் குறைந்தது. 0.4-இல் மற்ற மேசைகளுக்கெல்லாம் குறைந்திருக்க, எங்களுக்கு மட்டும் 1.2 கூடியிருந்தது. அவர்களுடைய வரைபடக் கோடு 0.35 பக்கம் பூஜ்யத்தை, அதாவது எடை மாறாத இடத்தை, தொட்டது. நாங்கள் கரைசலைச் சரியாகத்தான் செய்தோம்: 200 மில்லி தண்ணீரில் 68.5 கிராம் சர்க்கரை போட்டு 1 மோலார், அதிலிருந்து மற்றவை. தப்பான ரீடிங்கை எழுத மனம் வராமல் ரிப்போர்ட்டில் −2 என்று போட்டேன். லேப் பார்ட்னர் உள்ளதையே எழுதிவிட்டாள். டி.ஏ. (லேபை நடத்தும் உதவி ஆசிரியர்) பூஜ்யம் போட்டுவிட்டு, கல்வி நேர்மைக் குழுவுக்கு அனுப்பப்போவதாக மெயில் அனுப்பியிருக்கிறார். ஊரில் எல்லோரும் செய்வதுதானே அக்கா? இந்தப் பாடத்தை டிராப் செய்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிவிடலாமா? விசாவுக்கும் அதுதான் நல்லது என்கிறார்கள்.

*

அன்புள்ள தங்கைக்கு,

துறை மாறுவதற்கு விசா தடையில்லை. பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் சர்வதேச மாணவர் அலுவலகம் உன் ஐ-20 படிவத்தில் (மாணவர் விசாவுக்கு ஆதாரமான சேர்க்கைப் படிவம்) மாற்றித் தரும். விசாவுக்கு எது நல்லது என்ற பேச்சை விடு. உயிரியலும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில்தான் இருக்கிறது. படிப்புக்குப் பின் 12 மாத ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை செய்ய மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி), தகுதியான வேலை அமைந்தால் மேலும் 24 மாதம். இரண்டு துறைக்கும் ஒரே கணக்கு.

ஆனால் டிராப் பொத்தானை இன்றைக்குத் தொடாதே. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவள் ஒரு பருவத்தில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. உன் கையில் 14 இருந்து, லேபோடு சேர்ந்த 4 கிரெடிட் உயிரியலை விட்டால் 10. முன் அனுமதி இல்லாமல் இறங்கினால் மாணவத் தகுதியே போய்விடும். கற்பிக்கும் முறை புதிதாக இருக்கிறது என்று தொடக்கத்தில் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள விதி உண்டு; அலுவலகம் அனுமதியைப் பதிவு செய்த பிறகுதான் டிராப், முன்பு அல்ல. நேர்மைப் புகார் நிலுவையில் இருக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் டிராப் செய்யவே விடுவதில்லை. 61-ஐப் பற்றிக் கவலைப்படாதே. பாடத்தை ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, பழைய வினாத்தாளில் உள்ள வரைபடக் கேள்விகளைப் போட்டுப் பழகு, ஏறும்.

இனி 1.2-க்கு வருவோம். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி, ‘தப்பான ரீடிங்’. அந்த ரீடிங்கில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நீங்கள் செய்த கரைசலில் இருக்கிறது.

68.5 கிராம் சர்க்கரை கரைந்த பிறகும் ஏறத்தாழ 42 மில்லி இடம் பிடிக்கும். 200 மில்லி தண்ணீரில் அதைப் போட்டால் கையில் இருப்பது 242 மில்லி கரைசல். மோலார் என்பது ஒரு லிட்டர் கரைசலுக்கான கணக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கானது அல்ல. சர்க்கரையை 120 மில்லி தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அளவு ஜாடியில் ஊற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் சேர்த்து, 200 கோடுவரை நிரப்பியிருக்க வேண்டும். நீங்கள் 1 மோலார் என்று லேபிள் ஒட்டியது உண்மையில் 0.83. அதிலிருந்து எடுத்த 0.4 உண்மையில் 0.33. மற்றவர்களின் கிழங்கு 0.35-இல் எடை மாறாமல் நின்றது என்கிறாய். உன் கரைசல் அதைவிட நீர்த்தது. தண்ணீர் கிழங்குக்குள் போகாமல் வேறு என்ன செய்யும்? எடை கொஞ்சம் கூடத்தான் வேண்டும், கூடியது.

வரைபடத் தாளில் 9, 1.2, −7 மூன்றையும் குறித்துப் பார். ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்து பூஜ்யத்தை 0.43 அருகே வெட்டும். 0.43-ஐ 0.83-ஆல் பெருக்கினால் 0.36 வரும், அதாவது வகுப்பின் விடையேதான். இப்போது 1.2-ஐ அழித்து உன் −2-ஐ வை. கோட்டை விட்டு இறங்கி நிற்பது அந்த ஒரு புள்ளிதான். உன்னிடம் இருந்த நல்ல தரவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பொய்யை வைத்திருக்கிறாய். உள்ளதை எழுதி, ஏன் இப்படி என்று இரண்டு பத்தி யோசித்திருந்தால் வகுப்பிலேயே சிறந்த ரிப்போர்ட் உன்னுடையதாக இருந்திருக்கும். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வருகிறது.

‘ஊரில் எல்லோரும் செய்வதுதானே’ என்று கேட்கிறாய். ஆமாம், செய்கிறார்கள். அப்சர்வேஷன் நோட்டில் அவசரமாக ஏதோ கிறுக்கல், ரெக்கார்டு நோட்டில் போன வருட சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து முத்து முத்தாக நகல். கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டைத் திறக்கும் முன்பே கன்கார்டன்ட் வேல்யூ (ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய ரீடிங்) முடிவாகிவிடும். வெங்காய வேர் நுனியில் ஒரு செல்பிரிவும் கண்ணில் படாதவர்கூட அனாஃபேஸை வண்ணப் பென்சிலில் வரைந்து கையெழுத்து வாங்கிவிடுவார். பார்த்ததை எழுதாதே, பார்த்திருக்க வேண்டியதை எழுது என்பதை நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். இந்தப் பாவத்தில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் −2 என்று எழுதியது உன் கை. பழக்கத்தின் மேல் பழியைப் போட்டு நகராதே.

உனக்கு இது மற்ற மாணவர்களைவிடக் கூடுதலாக முக்கியம். கோடையில் இளநிலை மாணவர்களைச் சம்பளம் கொடுத்து ஆய்வுக்கு எடுக்கும் ஆர்.இ.யு. திட்டங்களை தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணம் நடத்துகிறது; அந்தப் பணம் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டும்தான். ஆகவே நீ பைப்பெட் பிடிக்கக்கூடிய இடம் பெரும்பாலும் உன் வளாகத்திலுள்ள பேராசிரியர்களின் லேப். கிரெடிட்டுக்காக ஆய்வு என்று பதிவு செய்யலாம், அல்லது வளாக வேலையாக, பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள். அந்தக் கதவைத் திறக்கும் சிபாரிசு உன் டி.ஏ.விடமிருந்தும் லேப் ஆசிரியரிடமிருந்தும்தான் வரும். இந்தப் பெண் எழுதும் எண்ணை நம்பலாமா என்பதுதான் அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி.

அடுத்த சோதனையிலிருந்து ஒரே நோட்டு போதும். தைத்த நோட்டு, பக்க எண்ணோடு, பேனாவில். ரெக்கார்டு தனியாகக் கிடையாது. தராசு 3.07 காட்டினால் 3.07, 3.1 ஆக்காதே. பிழையானால் படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் இனிஷியலும். துண்டு கரைசலில் இறங்கிய நேரம், எடுத்த நேரம், துடைத்தது யார், எதனால் துடைத்தார் என்பது வரை எழுது. ஈரத்தோடு தராசில் வைத்தால் எல்லாக் குழாயிலும் எடை கூடிக் காட்டும், வெறும் தண்ணீர்க் குழாயிலும். ஒரே ஒரு குழாய் மட்டும் விலகினால் லேபிள் மாறியதா என்று பார். மொத்தக் கோடும் நகர்ந்தால் கரைசலைச் சந்தேகப்படு. ரிப்போர்ட்டில் ‘மனிதப் பிழை’ என்று எழுதாதே, அதற்கு மதிப்பெண் கிடையாது. எந்தப் பிழை, அது எண்ணைக் கூட்டுமா குறைக்குமா, எவ்வளவு என்று எழுது. பார்ட்னரோடு தரவு மட்டும் பொது, வாக்கியங்கள் அவரவருடையவை. லேப் கையேட்டின் செய்முறையை அப்படியே எடுத்து ஒட்டினால் அதுவும் புகார்தான்.

இப்போது டி.ஏ.வுக்குப் பதில் எழுது. நாலு வரி போதும்: 0.4-க்கான எண்ணை நான் மாற்றினேன், அளந்தது 1.2, பார்ட்னருக்கு இதில் பங்கில்லை, நேரில் வந்து பேச அனுமதி வேண்டும். ஊர் வழக்கம், மார்க் பயம், விசா எதுவும் அதில் வேண்டாம். ஆபீஸ் நேரத்துக்குப் போகும்போது எடை எழுதிய அசல் தாளையும், மூன்று புள்ளி வரைபடத்தையும், 242 மில்லி கணக்கையும் கொண்டு போ. குழு கூப்பிட்டாலும் இதே தாள்கள்தான், இதே பதில்தான். பார்ட்னரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடு, அந்தப் பெண் பருவம் முழுக்க உன் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காரப்போகிறாள்.

அன்புடன்,
அக்கா