கடல்மட்டம் உயர்ந்தால் வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகிவிடுமா?

கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி மனை பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெளியூரில் சம்பாதித்து ஊர்ப்பக்கம் வீடு கட்ட நினைப்பவராக இருப்பீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உப்பாகும். ஆனால் கடல் கரையேறி வந்து உப்பாக்குவதைவிட, அடியிலிருந்து ஏறுவதுதான் அதிகம். மழையில் இறங்கிய நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடை போல உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பு ஏறாது. கடல் 1 அடி உயர்ந்தாலும் சரி, நாம் மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 1 அடி இறக்கினாலும் சரி, நாளடைவில் போவது அந்த 40 அடிதான். மேட்டு ஊராக இருந்தால் கடலோடு சேர்ந்து நிலத்தடி நீரும் உயர்ந்து ஓரளவு ஈடுகட்டிவிடும். நம் கடைமடையில் அதற்கு ஏது இடம்? கொஞ்சம் ஏறினாலே தரையைத் தொட்டு வடிகாலில் ஓடிவிடும்.

எங்கள் வீடு ஆயக்காரன்புலம் பக்கம், மணல் மேட்டில். தாத்தா இறக்கிய உறைகேணி இன்னும் இருக்கிறது. ஆழமே கிடையாது, ஐப்பசியில் குனிந்து குடத்தில் மொண்டுவிடலாம். முல்லைக் கொல்லை மொத்தமும் அந்தத் தண்ணீர்தான். பக்கத்துக் கொல்லையில் ஆழமாக போர் போட்டார்கள். முதலில் பீய்ச்சி அடித்தது. பிறகு ஒரு கோடையில் டீ திரிய ஆரம்பித்தது, வாளி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது, இலை ஓரமெல்லாம் கருகியது. அதே போர்க்காரர் எங்களிடமும் வந்தார். அப்பா மறுத்துவிட்டார். "மேல் தண்ணி மழையோடது, அடித் தண்ணி கடலோடது, எனக்கு மேல் தண்ணி போதும்" என்றார். படிக்காத மனுஷன். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு போரை வைத்துப் பேசாதே என்று யாராவது வருவீர்கள். நான் எல்லா உப்பையும் கடல் உயர்வின் மேல் போடவில்லை. சில ஆயிரம் வருஷங்களுக்கு முன் கடல் இன்னும் உள்ளே இருந்தது. அது பின்வாங்கும்போது விட்டுப்போன கரைகள்தான் இந்த மணல் மேடுகள். இடையிலுள்ள களிமண் பள்ளங்களில் அந்தப் பழைய உப்பு இன்னும் சிக்கிக் கிடக்கிறது. 1901 முதல் 2018 வரை உலக அளவில் கடல் உயர்ந்தது சராசரியாக 20 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் மோட்டார்கள் இறக்கிய மட்டம் அதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.



உங்கள் மனைக்கு வருவோம். 3 கிலோமீட்டர் என்பதை விடுங்கள், அது மேடா பள்ளமா என்று பாருங்கள். விற்பவர் மழைக்காலத்தில் காட்டும் தண்ணீரை நம்பாதீர்கள், அப்போது எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் வந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் போர் எத்தனை அடி என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.