பழைய டியூப்லைட்டை மாத்துனா கட்டுப்படியாகுமா?

கேள்வி: அண்ணாச்சி, கடையில 10 பழைய டியூப்லைட் இருக்கு, எல்இடிக்கு மாத்துற செலவு திரும்ப வருமா? (துணிக்கடைக்காரர், குளச்சல்)

பதில்: தாராளமா மாத்துங்க தம்பி. பழைய 40 வாட் டியூப் சோக்கோட சேத்து 50 வாட் இழுக்கும், எல்இடி 20 வாட்தான், தினம் 10 மணி நேரம் எரிஞ்சா பத்துக்கும் சேத்து 3 யூனிட் மிச்சம், மாசம் 90 யூனிட், அதையும் கடை கரண்ட் ரேட்ல போட்டுப் பாருங்க. ஆனா விலை கம்மின்னு கண்டதை வாங்காதீங்க, பெரும்பாலும் முதல்ல போறது எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் குடுக்குற, உள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட்தான், ஐப்பசி இடிமழையும் கடக்காத்து உப்பும் அதை சீக்கிரமே தீத்துரும், அதனால சர்ஜ் பாதுகாப்பும் (திடீர்னு ஏறுற வோல்டேஜைத் தாங்குறது) வாரண்டியும் பாத்து எடுங்க. துணிக்கடைக்கு சிஆர்ஐ 90 (கலரை உள்ளபடி காட்டுறதுக்கான அளவு, முழுசுன்னா 100) ரொம்ப முக்கியம், இல்லேன்னா மெரூன் சேலை உள்ள ஒரு கலர், வெளிய ஒரு கலர். கழட்டுன டியூபை உடைச்சுராதீங்க, உள்ள பாதரசம் இருக்கு.